ஒரு வருடமா, நாலு வருடமா? ஏலத்துக்கு முன் ஒப்பந்தக் கணக்கு

கோண்டாவில்காரன் | 14 மார்ச் 2025, இரவு 9.40

எங்கள் லீக்கின் ஏலம் அடுத்த சனிக்கிழமை. புதிதாக வாசிப்பவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எஃப்.எல். (அமெரிக்கப் புட்போல் லீக்) ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் ஃபான்டஸி புட்போல்தான், அதாவது அசல் ஆட்டக்காரர்களைக் கொண்டு நாங்கள் நடத்தும் கற்பனை அணிகள், ஆனால் வருடா வருடம் எல்லாரையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தெரிவு செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் சம்பளமும் வருடமும் போட்டு ஒப்பந்தம். 12 அணி. சம்பள வரம்பு 250 டொலர் (விளையாட்டுக் காசுதான், வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம்). ஓர் அணிக்கு 22 பேர். அந்த 22 பேரின் ஒப்பந்த வருடங்களையும் கூட்டினால் 40ஐத் தாண்டக் கூடாது.

ஏலத்தில் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு வருடத்துக்குக் கேட்டால் சம்பளமே புள்ளி. 2 வருடம் என்றால் அதை 1.15ஆல் பெருக்குவோம், 3 வருடத்துக்கு 1.3, 4 வருடத்துக்கு 1.4. யாருக்குப் புள்ளி கூடவோ அவருக்கு ஆள். இடையில் வெட்டினால், மிச்சமுள்ள ஒவ்வொரு வருடத்திலும் பாதிச் சம்பளம் தண்டமாக வரம்பில் நிற்கும்.

என் கையில் 71 டொலர், 13 வருடம், நிரப்ப 8 இடம். கண் வைத்திருப்பது ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) டெரிக் ஹென்றி, ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா, இன்னொரு ரன்னிங் பேக் நஜீ ஹாரிஸ். ஹென்றிக்கு 2 வருடம் கேட்கலாமா? போன சீசனில் 1,921 யார்ட் ஓடிய ஆளை ஒரு வருடத்தோடு விட மனம் வரவில்லை. நஜீ இன்னும் இளம் ஆள், 3 வருடம் போடலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

குருநகர்_கோலி | 14 மார்ச், இரவு 10.05

உதைபந்தாட்டம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். இது கையால் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டு அல்லவா?

பருத்தித்துறை_வடை | 14 மார்ச், இரவு 10.12

அதேதான் மச்சான். செப்டம்பரில் ஞாயிறு இரவு பத்தரைக்கு முதல் மட்ச் தொடங்கும். அங்கே நவம்பரில் மணிக்கூட்டை மாற்றிய பிறகு பதினொன்றரை. கடைசி மட்ச் எங்களுக்குத் திங்கள் விடியத்தான். திங்கட்கிழமை வேலைக்குத் தூங்கி வழிந்துகொண்டு வருபவனைக் கண்டால் எங்கள் லீக்காரன் என்று வைத்துக்கொள்ளும்.

ஸ்கார்பரோ_சித்தப்பா | 15 மார்ச், அதிகாலை 1.20

மகன், நல்ல கேள்வி. ஆனால் 'நல்ல ஆள், ஆகவே நீண்ட ஒப்பந்தம்' என்று தொடங்குகிறாய் பார், அங்கேயே சறுக்கல். இங்கே ரொறன்ரோவில் நாங்கள் இந்த லீக்கைத் தொடங்கிய காலத்தில் இருந்து எல்லாரும் அதே இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

அசல் என்.எஃப்.எல்.லைப் பார்த்துக் காப்பியடிக்கவும் கூடாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வருடம் ஒன்று, கழகம் உண்மையில் கட்டுப்படும் வருடம் இன்னொன்று. உத்தரவாதத் தொகை எவ்வளவு என்பதுதான் அங்கே முக்கியம். எசக்கியல் எலியட்டுக்கு டலஸ் 2019இல் 6 வருட நீடிப்பு கொடுத்தது, 90 மில்லியன். காகிதத்தில் 2026 வரை ஓட வேண்டியது. 2023 மார்ச்சில் விட்டுவிட்டார்கள். டொட் கேர்லியின் கதை இன்னும் மோசம். 2018இல் 4 வருட நீடிப்பு, 45 மில்லியன் உத்தரவாதம். 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விட்டபோது அந்த நீடித்த வருடங்கள் தொடங்கக்கூட இல்லை. லேவியன் பெல் 2018 முழுவதும் ஆடாமல் இருந்து, 2019இல் ஜெட்ஸிடம் 4 வருடம் வாங்கினார். 2020 ஒக்டோபரில் வெளியே.

மூன்று பேரும் ரன்னிங் பேக். மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட நேரத்தில் உச்சியில் இருந்தவர்கள்.

ஹென்றிக்கு 2024இல் போல்ட்டிமோர் என்ன கொடுத்தது? 2 வருடம், 16 மில்லியன். 30 வயது ஆளிடம் அதற்கு மேல் யாரும் கட்டுப்படத் தயாரில்லை. 1,921 யார்ட் வந்தது அந்தக் குட்டி ஒப்பந்தத்தில்தான். நீ இப்போது வாங்கப்போவது 31 வயது ஹென்றியை.

பண்ணைப்பாலம் | 15 மார்ச், காலை 7.50

சித்தப்பா சொன்னதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். எல்லாருக்கும் ஒரு வருடம். முடிந்தது கதை. ரன்னிங் பேக் மெக்காஃப்ரியைப் பாருங்கள். 2023இல் 1,459 யார்ட், லீக்கிலேயே முதலாவது. அடுத்த சீசனில் ஆடியது நாலே மட்ச். இந்த விளையாட்டில் ஆளின் முழங்காலை நம்பி நாலு வருடம் எழுதுவது வேலை இல்லாத வேலை. ஒவ்வொரு மார்ச்சும் முழுக் காசோடு ஏலத்துக்கு வந்து, அந்த வருடம் யார் நல்லவனோ அவனைத் தூக்க வேண்டியதுதான்.

தேர்முட்டி | 15 மார்ச், மதியம் 12.30

பண்ணை, முழுக் காசோடு வருவது நல்லதுதான். ஆனால் எல்லாரும் முழுக் காசோடு வந்தால் என்ன ஆகும்? ஏலச் சீட்டில் முதல் மாதமே எல்லாருக்கும் அவசரம் என்றால் கழிவு எப்படி ஏறிப்போகும் என்று பார்த்திருப்பீர். அதே கதைதான்.

நான் 12 அணியின் ஒப்பந்தங்களையும் எக்செலில் போட்டு வைத்திருக்கிறேன் (பயித்தியம் என்று சொல்ல வேண்டாம், வங்கியில் வேலை செய்தால் இந்தப் பழக்கம் வந்துவிடும்). இந்த மார்ச்சில் 100 டொலருக்கு மேல் கையில் உள்ள அணி மூன்று. அடுத்த மார்ச்சில் ஏழு அணிக்கு அவ்வளவு காலியாகிறது. அதாவது அடுத்த வருடம் இதே தரமான ஆளுக்கு விலை கூடும். இன்றைய விலைக்கு இரண்டு மூன்று பேரைப் பூட்டிவைக்க வேண்டுமானால் அது இந்த வருடம்தான். அடுத்த வருடம் கையிருப்பு உள்ள அணிகள் குறைவு என்று தாள் காட்டியிருந்தால், உம்மோடு சேர்ந்து நானும் எல்லாவற்றையும் ஒரு வருடமாகத்தான் கேட்டிருப்பேன்.

ஆளைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது மற்ற அணிகளின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று பார்ப்பதில் செலவழியுங்கள். எங்கள் லீக்கில் யாரும் அதைச் செய்வதாகத் தெரியவில்லை. எனக்கு அது வசதி, ஆனாலும் சொல்கிறேன்.

கோண்டாவில்காரன் | 15 மார்ச், மதியம் 1.15

அக்கா, அப்படியென்றால் ஹென்றிக்கு 2 வருடம் சரிதானே? விலை ஏறப்போகிறது என்கிறீர்கள்.

தேர்முட்டி | 15 மார்ச், பிற்பகல் 3.00

விலை ஏறுவது நிற்கக்கூடிய ஆளுக்குத்தான் தம்பி. ஹென்றியை எடுத்துப் பார்ப்போம். நீர் 30 டொலரை 2 வருடத்துக்குக் கேட்டால் புள்ளி 34.5. அதை ஒரு வருடக் கேள்வியால் வெல்ல 35 வேண்டும். ஆகவே 2 வருடத்தில் முதல் சீசனுக்கு உமக்கு 5 டொலர் மிச்சம். அடுத்த வருடமும் அவர் 35 டொலர் தரத்தில் நின்றால் இன்னொரு 5. மொத்தம் 10 லாபம். விழுந்துவிட்டால் தண்டம் 15, முதல் வருட மிச்சம் 5ஐக் கழித்தால் 10 நட்டம். ஆகச் சரிபாதிக்கு மேல் நம்பிக்கை இருந்தால் மட்டும் 2 வருடம் கேட்கலாம். அந்த இரண்டாவது சீசனில் அவருக்கு 32 வயது. பார்த்துக்கொள்ளும்.

இனி 3 வருடம். 20 டொலரை 3 வருடத்துக்குக் கேட்டால் 26 புள்ளி, ஒரு வருடத்துக்கு அதே ஆள் 26 டொலர். வருடத்துக்கு 6 மிச்சம், மூன்று வருடமும் நின்றால் 18. முதல் வருடத்தோடு விழுந்தால் தண்டம் 10ம் 10ம், 6ஐக் கழித்தால் 14 நட்டம். 14ஐ 32ஆல் வகுத்தால் 0.44. ஆக நூற்றுக்கு 44 தடவைக்கு மேல் ஆள் நிற்பார் என்று நம்பினால் 3 வருடம் லாபம். இரண்டாவது வருடத்தோடு விழும் சாத்தியத்தை விட்டுவிட்டேன், அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் உமக்குச் சாதகம்.

எங்கள் விதியில் 2 வருடத்துக்குக் கிடைக்கும் சலுகைதான் மிக மெலிந்தது. ஒன்றா மூன்றா நாலா என்று யோசியுங்கள். இரண்டைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். இதை ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதே இல்லை. ஒன்று பயம், மூன்றும் பயம், நடுவில் நிற்கலாம் என்ற எண்ணமாக இருக்கும்.

பருத்தித்துறை_வடை | 15 மார்ச், மாலை 5.25

அக்காவின் கணக்கில் ஒரு விஷயம் இல்லை. ஆளின் விலை அப்படியே நிற்கும் அல்லது விழும் என்று இரண்டு வழிதான் வைத்திருக்கிறீர்கள். ஏறுவது?

40 டொலர் ஆள் அடுத்த வருடம் 100 டொலர் ஆகப்போவதில்லை. அவன் ஏற்கெனவே உச்சியில். 5 டொலர் ஆள் 20 ஆகலாம். ரிசீவர் பூக்கா நகுவா 2023 ட்ராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களைக் கழகங்கள் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்வது) ஐந்தாவது சுற்றில் வந்தவர். அந்த வருடமே 105 பந்து பிடித்து 1,486 யார்ட். அப்படிப்பட்டவரை ஒருவன் சீசனுக்கு முன் 2 டொலரில் 4 வருடம் கட்டிப்போட்டிருந்தால் நாலு வருடமும் சிரித்துக்கொண்டு திரியலாம். பலிக்காவிட்டால்? வெட்டினால் தண்டம் வருடம் 1 டொலர்.

என் கொள்கை இதுதான்: மலிந்த ஆளுக்கு நீண்ட ஒப்பந்தம், விலை கூடிய ஆளுக்குக் குறுகிய ஒப்பந்தம். எங்கள் லீக்கில் முக்கால்வாசிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். நட்சத்திரத்துக்கு 4 வருடம் எழுதிவிட்டு, குருத்து விடும் பெடியனை ஒரு வருடத்துக்கு எடுத்து, அவன் பழுத்ததும் மற்றவனிடம் பறிகொடுப்பது.

இந்த வருடம் எனக்குப் பிடித்த மலிந்த ஆள் நைனர்ஸ் கழகத்தின் ரிசீவர் ரிக்கி பியர்சல். அங்கே மற்ற ரிசீவர்களில் டீபோ சாமுவலை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள், பிராண்டன் ஐயுக் முழங்கால் போய்ப் படுத்திருக்கிறார். பியர்சலுக்கு இடம் திறக்கிறது. இதைப் பொதுவில் எழுதிவிட்டேனே என்று இப்போதே கவலை.

பண்ணைப்பாலம் | 15 மார்ச், மாலை 6.10

5 டொலர் பெடியன்கள் ஐந்து பேருக்கு மூன்று மூன்று வருடம் எழுதினால் 15 வருடம் போய்விடும். 40 வருட வரம்பு இருக்கிறது ஐயா. 22 பேருக்கு 40 என்றால் ஆளுக்கு இரண்டுகூட வராது. ஒப்பந்த வருடமும் காசு மாதிரிச் செலவழிகிற சாமான்தான்.

பருத்தித்துறை_வடை | 15 மார்ச், மாலை 6.18

அது சரி. ஒத்துக்கொள்கிறேன். ஐந்து பேருக்கு அல்ல, ஒருவருக்கோ இருவருக்கோ.

ஸ்கார்பரோ_சித்தப்பா | 15 மார்ச், இரவு 8.45

நித்திரையால் எழும்பிப் பார்த்தால் ரிசீவர் கூப்பர் கப், ஸ்மித்-என்ஜிக்பா ஆடும் சியாட்டிலுக்குப் போயிருக்கிறார், 3 வருடம். ஸ்மித்-என்ஜிக்பா மேல் கண் வைத்தவர்களுக்கு நடுக்கம் வந்திருக்கும். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் தெரிகிறது. சியாட்டிலின் மற்ற ரிசீவர்களில் மெட்காஃப் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார், லொக்கெட்டை விட்டுவிட்டார்கள். வந்தவர் 31 வயது ஆள். ஸ்மித்-என்ஜிக்பாவுக்கு 23. முதல் வருடம் 63 பந்து, 628 யார்ட். இரண்டாம் வருடம் 100 பந்து, 1,130 யார்ட். ரிசீவர் என்பவன் 23இல் தேய்வதில்லை, அப்போதுதான் முதிர்கிறான். பந்து எறியப்போவது ஜீனோ ஸ்மித் அல்ல, சாம் டார்னல்ட் என்பதால் சிலர் பின்வாங்குவார்கள். அவர்கள் பின்வாங்கினால் விலை இறங்கும். கப் வந்ததாலும் இறங்கும். வயது மட்டும் அப்படியே நிற்கும்.

நாலு வருடம் கேட்பதானால் இந்த மாதிரி ஆளுக்குக் கேள். இந்த வாரச் செய்தியால் விலை இறங்கி இருக்க வேண்டும், வயது அவன் பக்கம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அசல் லீக்கில் சம்பள வரம்பு ஏறிக்கொண்டே போகிறது. 2023இல் 224.8 மில்லியன், 2024இல் 255.4, இந்த வருடம் 279.2. அங்கே இன்று பெரிதாகத் தெரியும் சம்பளம் மூன்று வருடத்தில் சின்னதாகிவிடும். நீண்ட ஒப்பந்தத்தைக் காலமே மலிவாக்கிக் கொடுக்கும். எங்கள் 250 எத்தனை வருடம் போனாலும் 250தான். ஆகவே 'ஃபிலடெல்ஃபியா செய்தது, சின்சினாட்டி செய்தது' என்று எடுத்துக்காட்ட வேண்டாம்.

கோண்டாவில்காரன் | 16 மார்ச், காலை 9.30

அப்ப நஜீ ஹாரிஸ்? பிட்ஸ்பர்க்கில் நாலு வருடமும் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். இப்போது சார்ஜர்ஸ். 27 வயது.

தேர்முட்டி | 16 மார்ச், காலை 10.40

சார்ஜர்ஸ் அவருக்கு எத்தனை வருடம் கொடுத்தது என்று பாரும். ஒன்று. அவரோடு தினம் பயிற்சி செய்யப்போகிற ஆட்களே ஒரு வருடத்துக்கு மேல் கட்டுப்படவில்லை. நீர் ஏன் மூன்றுக்குக் கட்டுப்படுகிறீர்?

சித்தப்பா அசல் லீக்கைக் காப்பியடிக்காதே என்றார். சரி, ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். கழகம் நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம், பின்கதவு இருக்கும். குறுகிய ஒப்பந்தம் கொடுத்தால் நம்பலாம். அதில் பின்கதவு எதற்கு?

அதோடு, எங்கள் ஏலம் மார்ச்சில், ட்ராஃப்ட் ஏப்ரல் கடைசியில். இந்த வருடம் கல்லூரிகளில் இருந்து வரும் ரன்னிங் பேக் கூட்டம் பெரிது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நடுத்தர ரன்னிங் பேக் யாருக்கும் ஏப்ரலில் புதுப் பங்காளி வரலாம். மார்ச்சில் நீண்ட வருடம் எழுதுவதானால் ரிசீவருக்கோ, பந்து எறியும் குவார்ட்டர்பேக்குக்கோ எழுதும்.

உம்முடைய கணக்கு இப்படி. 8 இடம், 13 வருடம். இடத்துக்கு ஒன்று என்று 8 போனால் உதிரி 5. ஸ்மித்-என்ஜிக்பாவுக்கு 4 வருடம் என்றால் உதிரியில் 3 போகும். மிச்சம் 2ஐ ஒரு மலிந்த பெடியனுக்குப் போட்டு 3 வருடம் ஆக்கும். மற்ற ஆறு பேரும் ஒரு வருடம். ஹென்றி உட்பட. அப்போது அடுத்த மார்ச்சில் ஆறு இடம் காலி. ஏழு அணி காசோடு வரும் வருடம் அது, நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் உமக்கு அதற்குள் ஒரு முதல்தர ரிசீவர் பழைய விலையில் நிற்பார்.

குருநகர்_கோலி | 16 மார்ச், முற்பகல் 11.15

விளையாட்டு விளங்கவில்லை, கணக்கு விளங்குகிறது. அடுத்த வருடம் ஒரு அணி காலியானால் சொல்லுங்கள்.

கோண்டாவில்காரன் | 22 மார்ச், இரவு 11.50

ஏலம் முடிந்தது. அறிக்கை:

ஸ்மித்-என்ஜிக்பா எனக்கு. 22 டொலர், 4 வருடம், 30.8 புள்ளி. பண்ணை ஒரு வருடத்துக்கு 30 கேட்டார். 0.8இல் தப்பினேன். கடைசி நிமிடம் வரை கை நடுங்கியது.

ஹென்றிக்கு ஒரு வருடம் 34 வரை போனேன். ரொறன்ரோ அணி ஒன்று 36க்குத் தூக்கியது. விட்டுவிட்டேன். பியர்சல் 5 டொலர், 3 வருடம். வடை 4ஐ 4 வருடத்துக்குக் கேட்டிருந்தார், 5.6 புள்ளி. என்னுடையது 6.5. மன்னிக்கவும் மச்சான்.

பருத்தித்துறை_வடை | 22 மார்ச், இரவு 11.58

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

பண்ணைப்பாலம் | 23 மார்ச், காலை 8.20

நஜீ என்னிடம். ஒரு வருடம், 9 டொலர். யாரோ 7ஐ 2 வருடத்துக்குக் கேட்டார்கள், 8.05. அக்கா சொன்ன அந்த 'நடுவில் நிற்கிற' ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தேர்முட்டி | 25 ஏப்ரல், காலை 10.10

முதல் சுற்று முடிந்தது. சார்ஜர்ஸ் 22ஆவதாக ஒமேரியன் ஹாம்ப்டனை எடுத்திருக்கிறது. ரன்னிங் பேக். பண்ணை, இருக்கிறீரா?

பண்ணைப்பாலம் | 25 ஏப்ரல், காலை 10.30

இருக்கிறேன். கடுப்புத்தான். ஆனால் 9 டொலர், ஒரு வருடம். சீசன் தொடங்கும்போது ஹாம்ப்டன் திணறினால் நஜீயே ஓடுவார். இல்லாவிட்டால் டிசம்பரோடு கணக்கு முடிந்தது.

பருத்தித்துறை_வடை | 26 ஏப்ரல், காலை 9.05

இரண்டாம் சுற்றில் பேட்ரியட்ஸ் ரன்னிங் பேக் ட்ரெவியன் ஹெண்டர்சனை எடுத்தது. அங்கே ஏற்கெனவே ஓடும் ரமோண்ட்ரே ஸ்டீவன்சனுக்கு எங்கள் ஏலத்தில் 3 வருடம் எழுதியது யார்? ரன்னிங் பேக்குக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று எங்களுக்குப் பாடம் எடுத்த ஸ்கார்பரோ அணி!

ஸ்கார்பரோ_சித்தப்பா | 26 ஏப்ரல், மாலை 6.40

6 டொலர் தம்பி. நாளைக்கு வெட்டினாலும் வருடம் 3. உன்னுடைய கொள்கையைத்தான் பின்பற்றினேன். ரன்னிங் பேக் என்றால் 40 டொலரில் நாலு வருடம் எழுதாதே என்றேனே தவிர, 6 டொலரில் எழுதாதே என்று எங்கே சொன்னேன்?

அது கிடக்கட்டும். எங்கள் லீக்கின் ரூக்கி (புது ஆட்டக்காரர்) தெரிவில் ஹாம்ப்டனை யார் எடுக்கப்போகிறீர்கள்? மூன்றாவது இடம் என்னிடம் இருக்கிறது. விற்பனைக்கு.